கையடக்கக் கெய்கர் மானி: அணுமின் நிலையத்தின் அருகே 14 மாதப் பயன்பாடு

எங்கள் வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரோரம், மழை நேரே படாதபடி கூரையிட்ட ஒரு சிறிய மரப்பெட்டிக்குள், கைபேசியைவிடச் சற்றே பருமனான ஒரு கெய்கர் மானி (கதிர்வீச்சை எண்ணும் கருவி) 14 மாதங்களாக இயங்கி வருகிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் அணுமின் நிலையத்தின் உயரமான காற்றுப்போக்கி தெரியும். கருவியை வாங்கிய நாளில் என் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: அங்கிருந்து வெளியேறும் கதிரியக்கத்தில் எங்கள்மேல் எவ்வளவு விழுகிறது? அந்தக் கேள்விக்கு இக்கருவியால் விடை சொல்ல முடியாது என்பதையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு கேள்விக்கு அது மிக நேர்மையாக விடை சொல்லும் என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இதே எண்ணத்தோடு இதே வகைக் கருவியை வாங்க இருப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கருவியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இவ்வகை மானிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. வெளிக்கூடும் திரையும் பொத்தான்களும் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் எம்4011 என்ற கண்ணாடிக் குழாயோ அதற்கு நிகரான ஒன்றோதான். ஆகவே நான் சொல்வது ஒரு நிறுவனத்தைப் பற்றியது அன்று, ஒற்றைக் குழாய் கொண்ட கையடக்க மானி என்ற வகையைப் பற்றியது. கூடு உறுதியானது, திரை வெயிலிலும் படிக்கத்தக்கது, யுஎஸ்பி வழியாக மின்னேற்றமும் தரவுப் பரிமாற்றமும் நடக்கின்றன. புறத்தோற்றத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹான்ஸ் கெய்கரும் வால்தர் முல்லரும் 1928-இல் உருவாக்கிய அதே அமைப்புதான் இன்றும் உள்ளே இருக்கிறது: குறைந்த அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்ட குழாய், அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட் மின்னழுத்தம். ஒரு காமாக் கதிரோ பீட்டாத் துகளோ உள்ளே ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தால், அந்த ஒற்றை எலக்ட்ரான் கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மற்ற அணுக்களிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்து ஒரு சரிவையே உண்டாக்குகிறது. அதுவே நாம் கேட்கும் ‘டிக்’ ஓசை. இதில் கவனிக்க வேண்டியது, எல்லா டிக்குகளும் ஒரே அளவானவை என்பது. விண்வெளியிலிருந்து வந்த துகளானாலும், செங்கல்லில் இயற்கையாக உள்ள பொட்டாசியம்-40 ஆனாலும், அணு உலையில் பிறந்த சீசியம்-137 ஆனாலும் கருவிக்கு அது ஒரு டிக் மட்டுமே. வந்தவர்களை எண்ணும் வாயிற்காவலருக்கு வந்தவர் யார் என்று தெரியாது.

திரையில் ‘மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட்’ (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று காட்டுவது அளந்த மதிப்பு அன்று, பெருக்கி எடுத்த மதிப்பு. இந்தக் குழாய்க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 எண்ணிக்கை என்றால் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்று கொள்கிறார்கள். வருகிற கதிர்கள் யாவும் சீசியம்-137-இன் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைப் போன்றவை என்ற அனுமானத்தில் நிற்கிறது அந்தக் கணக்கு. உண்மையில் மாடியில் வரும் எண்ணிக்கையில் ஒரு பகுதி விண்கதிர்களால் வருவது. இன்னொரு பகுதி குழாயின் சொந்தப் பொருளிலிருந்தே வருவது. இதனால் இயற்கைப் பின்புல அளவில் (எங்கும் எப்போதும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு மட்டும் உள்ளபோது) இக்கருவிகள் வழக்கமாகக் கூடுதலாகவே காட்டுகின்றன. அரசுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று வெளியிடும் மதிப்பைவிட என் மானி எப்போதும் சற்று உயர்வாகவே நின்றது. முதல் மாதம் அதைப் பார்த்து, ‘அவர்கள் குறைத்துக் காட்டுகிறார்கள்’ என்றே நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதே முடிவுக்கு வருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலையத்தின் கருவி திறந்த தரையில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அளவீடு சரிபார்க்கப்பட்டு நிற்கிறது. என்னுடையது சுற்றிலும் கட்டடப் பொருள்கள் சூழ்ந்த ஒரு மாடியில் இருக்கிறது. இரண்டின் மதிப்புகளையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்த்தபோதுதான் இடைவெளி மாறாமல் இருப்பதும், மழை வந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறுவதும் தெரிந்தது. ஒப்பிட வேண்டியது ஏற்ற இறக்கத்தை, எண்ணை அன்று.

அடுத்தது புள்ளியியல். விற்பவர்கள் இதைப் பற்றி ஒரு வரி கூட எழுதுவதில்லை. கருவியின் பயனே இதில்தான் அடங்கியிருக்கிறது. என் மாடியில் நிமிடத்துக்குச் சராசரியாக 18 டிக்குகள் வருகின்றன. கதிரியக்கச் சிதைவு தற்செயலானது என்பதால் எந்த எண்ணிக்கையிலும் அதன் வர்க்கமூல அளவுக்கு ஊசலாட்டம் இருக்கும். 18-இன் வர்க்கமூலம் நாலேகால். அதாவது ஒரு நிமிட அளவீட்டில் கால் பங்கு பிழை இயல்பாகவே உண்டு. ஒரு நிமிடம் 13 என்றும் அடுத்த நிமிடம் 24 என்றும் காட்டினால் வெளியே எதுவும் நடந்துவிடவில்லை. ஒரு மணி நேரம் எண்ணினால் 1,080 வரும், ஊசலாட்டம் 33, பிழை 3 விழுக்காடு. ஒரு நாள் முழுவதும் எண்ணினால் ஏறத்தாழ 26,000. பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று படிக்கும் பழக்கம் எனக்கும் முதல் வாரத்தில் இருந்தது. அப்படிக் குறித்த எண்கள் எதற்கும் உதவவில்லை. ஓரிடத்தில் வைத்து, அசைக்காமல், மாதக்கணக்கில் எண்ணவிட்டபோதுதான் இதே மலிவான குழாய் மதிப்பு மிக்கதாயிற்று.

எச்சரிக்கை ஒலியும் இதே காரணத்தால்தான் முதலில் தொல்லை கொடுத்தது. நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் ஒலிக்கும்படி வைத்திருந்தேன். சராசரி 18 உள்ள இடத்தில் 30-ஐத் தாண்டும் நிமிடம் ஆயிரத்தில் மூன்றுதான்; கேட்பதற்கு அரிதாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் இருக்கின்றன. நாளுக்கு நான்கைந்து முறை காரணமே இல்லாமல் அது அலறியது. பத்து நிமிடச் சராசரி 25-ஐத் தாண்டினால் மட்டும் ஒலிக்கும்படி மாற்றிய பிறகு வெற்று அலறல்கள் அறவே நின்றன. இந்த மாற்றத்தைச் செய்ய வழியில்லாத கருவியை வாங்கவே வேண்டாம் என்பேன். பொய்யாக அலறும் மணியை மனிதர்கள் இரண்டு வாரத்தில் அணைத்துவிடுவார்கள், அணைத்த மணி இருந்தும் பயனில்லை.

மாற்றியமைத்த பிறகும் ஓர் இரவு அது ஒலித்தது. நள்ளிரவைக் கடந்த நேரம், பல நாள் வறட்சிக்குப் பின் திடீரென்று பெருமழை. மாடிக்கு ஓடினேன். பத்து நிமிடச் சராசரி 28. மறுபடி பார்த்தேன், 29. பக்கத்து வீட்டுச் சன்னலில் விளக்கு எரிந்தது. “தம்பி, என்ன அது கத்துது? ஆலையில ஏதாவதா?” என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

நான் படித்திருந்த ஒரு சோதனையை அப்போது செய்தேன். வாசலில் நனைந்து நின்ற காரின் கூரை முழுவதையும் ஒரு டிஷ்யூ தாளால் துடைத்து, அந்தத் தாளை மடித்து, மெல்லிய பாலித்தீன் உறையில் இட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்து, குழாய் இருக்கும் பக்கத்தோடு ஒட்டி வைத்தேன். டிக்குகள் தனித்தனியே கேட்காமல் மளமளவென்று வந்தன, நிமிடத்துக்கு 94. கை நடுங்கியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்தேன். அரை மணியில் 58. ஒரு மணி நேரத்தில் 38. மூன்று மணி நேரம் கழிந்தபோது பழைய 18-க்கே திரும்பிவிட்டது. பின்புலத்தைக் கழித்துப் பார்த்தால், துடைத்து எடுத்தது ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போயிருக்கிறது.

அந்த வேகம்தான் விடை. மண்ணிலிருந்து எப்போதும் கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற பொருள்களைத் தருகிறது. முந்தையதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 27 நிமிடம், பிந்தையதற்கு 20 நிமிடம். காற்றில் தூசியோடு ஒட்டி மிதக்கும் இவற்றை மழை மொத்தமாக வாரிக்கொண்டு தரையில் சேர்க்கிறது; அதனால் அணுமின் நிலையமே இல்லாத ஊரிலும் மழையில் மானி ஏறும். தாளில் இருந்தது சீசியம்-137 என்றால், அது பாதியாக 30 ஆண்டுகள் வேண்டும். அயோடின்-131 என்றால் 8 நாள்கள். விடிவதற்குள் மறைந்துபோனது உலையில் பிறந்த அவ்விரண்டும் அல்ல. அக்காவிடம் அந்த எண்களைக் காட்டி, தாளைக் கருவியில் மறுபடி வைத்து, ஒன்றும் இல்லை என்பதை அவர் காதாலேயே கேட்கச் செய்தேன். இந்தக் கருவிக்கு நான் கொடுத்த பணம் அந்த ஒரு காலையிலேயே எனக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: உலை வெளியிடும் செனான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்கள் எதன்மீதும் படிவதில்லை, மேகமாகக் கடந்து போய்விடும், அவற்றைத் துடைத்து எடுக்க முடியாது. மழை இல்லாத நேரத்தில், நிலையத்தின் பக்கமிருந்து காற்று வீசும்போது அளவு ஏறினால், அந்த ஏற்றத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதனால் மானியின் பதிவோடு மழையையும் காற்றின் திசையையும் சேர்த்தே குறித்து வருகிறேன்.

இனி, வாங்கியபோது இருந்த கேள்வி. பொதுமக்களுக்கு இயற்கைப் பின்புலத்துக்கு மேலாக ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (1,000 மைக்ரோசீவர்ட்) என்பதே சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு. ஓராண்டில் 8,760 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 0.114 மைக்ரோசீவர்ட். ஒரு நிலையம் அந்த வரம்பு முழுவதையும் காமாக் கதிராகவே என் மாடியில் கொண்டுவந்து கொட்டினால், என் மானியின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கும். ஒரு மணி நேரத்திலேயே ஐயமறத் தெரிந்துவிடும். ஆனால் ஒழுங்காக இயங்கும் நிலையத்தால் அண்டை வீட்டாருக்குக் கூடுவது வரம்பில் சிறு பங்குதான். ஆண்டுக்கு 10 மைக்ரோசீவர்ட் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 0.001 மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேல். அது என் சராசரியில் ஒரு விழுக்காடு. எண்ணிக்கையின் பிழையை நீண்ட காலம் எண்ணி வெல்லலாம், இயற்கையை வெல்ல முடியாது. காற்று அசையாத இரவுகளில் ரேடான் தரையோரம் தேங்கி, விடியற்காலையில் அளவு உச்சத்துக்குப் போய், வெயில் ஏறியதும் இறங்குகிறது. என் பதிவில் இந்த ஒரு நாள் அலையே பல விழுக்காடு இருக்கிறது. மண் நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. இத்தனை அலைகளுக்கு நடுவே ஒரு விழுக்காட்டைத் தேடுவது, கடலலையின் மேல் வைத்த கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடியதா என்று பார்ப்பது போல.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் வந்தது. பராமரிப்புக்காக உலை நான்கு வாரங்கள் நிறுத்தப்பட்டபோது, அதற்கு முந்தைய நான்கு வாரங்களோடும் பிந்தைய நான்கு வாரங்களோடும் ஒப்பிட்டேன். மழை நாள்களைக் கழித்தும் கழிக்காமலும் பார்த்தேன். உலை ஓடியதற்கும் நின்றதற்கும் இடையே என் மானிக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. இதை வைத்து ‘நிலையம் எதையும் வெளியிடவில்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. எங்கள் மாடியில் காமா அளவு வரம்பின் பக்கம் கூட வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். குறுகிய விடைதான், ஆயினும் யாரையும் கேட்காமல் நானே அளந்து பெற்ற விடை.

எஞ்சியவற்றை அறிய வேறு கண்கள் வேண்டும். உலையின் கழிவுநீரில் வழக்கமாக வெளியேறும் டிரிட்டியத்தை (கதிரியக்க ஹைட்ரஜன்) எடுத்துக்கொள்வோம். அதன் பீட்டாத் துகளுக்கு உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட். காற்றில் சில மில்லிமீட்டர் கூடத் தாண்டத் திணறும், குழாயின் கண்ணாடியை ஒருநாளும் ஊடுருவாது. டிரிட்டியம் கலந்த நீரில் இந்த மானியை முக்கியே வைத்தாலும் திரையில் எந்த மாற்றமும் வராது. நீரை எடுத்து, ஒளிரும் திரவத்தோடு கலந்து, இருட்டறைக் கருவியில் எண்ணினால்தான் அது தெரியும். ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மட்டுமே வெளியிடுவது. மண்ணிலும் எலும்பிலும் சேர்வது. அதை வேதியியல் முறையில் பிரித்தெடுத்துத்தான் அளக்க முடியும். அயோடின்-131 புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பாலில் வந்து, குழந்தையின் தைராய்டில் சேர்கிறது; அந்தப் பாதையை இடைமறிக்க, காற்றைக் கரிவடிகட்டி வழியே இழுத்தும், பாலை மாதிரியெடுத்தும், திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஜெர்மேனியம் உணரியின் மேல் மணிக்கணக்கில் வைத்து எண்ணுகிறார்கள். வண்டல், மீன், கடற்பாசி, காய்கறி என்று இந்தப் பட்டியல் நீளும். வேலியைச் சுற்றி மாதக்கணக்கில் தொங்கி, பிறகு சூடாக்கப்பட்டு, தாம் வாங்கிய கதிர்வீச்சை ஒளியாக வெளிவிடும் சிறு படிக வில்லைகளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, உலை ஓடத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்ட அளவுகள். அது இல்லாமல் ‘கூடியது’ என்றோ ‘கூடவில்லை’ என்றோ பேச இடமில்லை.

ஒரு நிலையத்தின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்பது இந்த மொத்த வேலை. என் பெட்டிக்குள் இருக்கும் குழாய் அதில் ஒரு சிறு மூலை. மூச்சோடு உள்ளே போகும் ரேடானால் வரும் அளவைக்கூட அது சொல்லாது. அணுக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவின் மதிப்பீட்டில் உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறத்தாழ பாதி அந்த மூச்சு வழி வருவது. மானியின் எண்ணை 8,760-ஆல் பெருக்கி ‘இதுதான் நான் வாங்கும் கதிர்வீச்சு’ என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் எதற்கு இது? விபத்துக்கு. செர்னோபிலில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. வெளியுலகுக்கு அது தெரிய வந்தது ஏப்ரல் 28-இல், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஒரு பணியாளரின் காலணி அங்கிருந்த கண்காணிப்பு மானியை அலறவைத்தபோது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுற்றி இருந்த 24 நிலையான கண்காணிப்பு மையங்களில் 23 பூகம்பத்தாலும் ஆழிப்பேரலையாலும் பயனற்றுப் போயின. மக்கள் எந்தத் திசையில் போவது என்று அறிய வேண்டிய நாள்களில் எண்கள் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வ அமைப்பு பிறந்தது. கார்களில் மானியைப் பொருத்தித் தெருத்தெருவாக ஓட்டி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி தரவைத் திறந்து வைத்தார்கள். மையக் கண்காணிப்பு விழும் நாளில் ஆயிரம் மாடிகளில் ஆயிரம் சிறு மானிகள் எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த நிகழ்வு காட்டுகிறது. என் கருவியை நான் மதிப்பது இதற்காகவே.

அத்தகைய நாளில் எந்த எண்ணைப் பார்ப்பது? சர்வதேச அணுசக்தி முகமையின் 2011 வழிகாட்டுதலில் மூன்று படிகள் உள்ளன. தரையில் கதிரியக்கம் படிந்த இடத்தில், ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டினால் உள்ளூர்ப் பால், காய்கறி, மழைநீர் ஆகியவற்றைச் சோதித்து முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் மக்களைச் சில நாள்களுக்குள் இடம்பெயர்ப்பது. 1,000-ஐத் தாண்டினால் உடனடி வெளியேற்றம் அல்லது உறுதியான இடத்தில் தஞ்சம். முதல் படியில் இந்தக் குழாய் நிமிடத்துக்கு 150 எண்ணும், சிரமமே இல்லை. மூன்றாம் படியில் ஒன்றரை லட்சம். ஒவ்வொரு டிக்குக்குப் பிறகும் குழாய் ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி செவிடாக இருப்பதாகக் கொண்டால், ஐந்தில் ஒரு பங்கைத் தவறவிடும். அதற்கும் மேலே, சில மலிவான மானிகள் நிறைவுற்றுப் போய் (எண்ணும் திறனின் எல்லையைத் தாண்டி) குறைந்த எண்ணையோ சுழியத்தையோ காட்டுவதுண்டு. ஆபத்தின் உச்சியில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் இந்தக் குறைபாடு உயிரைப் பறிக்கவல்லது. நிறைவுற்ற நிலையில் கருவி என்ன காட்டும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: மானியின் எண்ணைப் பார்த்துத் தாமாகவே (தைராய்டைக் காக்கத் தரப்படும்) அயோடின் மாத்திரை விழுங்க வேண்டாம். காற்றில் இருப்பது அயோடின்தானா என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. அதைச் சொல்லும் பொறுப்பு அதிகாரிகளுடையது, மாத்திரை பயன்படுவதும் உரிய நேரத்தில் உட்கொண்டால்தான்.

குறைகளுக்கு வருகிறேன். என் கருவியின் கடிகாரம் மாதத்துக்குச் சில நிமிடம் முந்துகிறது. கவனிக்காமல் விட்டால் மழைப் பதிவோடு பொருத்தும்போது எல்லாம் இடம்மாறி நிற்கும். மென்பொருளைப் புதுப்பித்தபோது நினைவகம் முழுவதும் அழிந்து, மூன்று வாரப் பதிவு போயிற்று. அழியும் என்ற எச்சரிக்கை கையேட்டில் எங்கும் இல்லை. விற்றவருக்கு எழுதினேன், புதுக் கருவி அனுப்புவதாகப் பதில் வந்தது. எனக்குத் தேவை புதுக் கருவி அன்று, போன மூன்று வாரம். அதை அவர்கள் புரிந்துகொள்ளவே இல்லை. மின்வெட்டில் உள்மின்கலம் ஓர் இரவைத் தாங்குகிறது, இரண்டாவது இரவைத் தாங்காது. விபத்து நேரத்தில் முதலில் போவது மின்சாரம்தான் என்பதை ஃபுகுஷிமாவே காட்டியிருக்க, இது சிறிய குறை ஆகாது. தனியாக ஒரு மின்சேமிப்பு வங்கியை (பவர் பேங்க்) பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மேலும், ஆற்றல் ஈடுகட்டும் உறை (குறைந்த ஆற்றல் கதிர்களைத் தணித்துச் சமன்செய்யும் உலோக உறை) இல்லாத குழாய் என்பதால், குறைந்த ஆற்றல் காமாவைப் பல மடங்கு மிகையாகக் காட்டும். செனான்-133-இன் 81 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அந்த வகைதான். மந்த வாயு மேகம் ஒன்று கடந்தால் மானி காட்டும் மைக்ரோசீவர்ட்டை அப்படியே நம்பக் கூடாது. ‘ஏதோ வந்தது, இத்தனை மணிக்கு வந்தது, இத்தனை மணிக்குப் போயிற்று’ என்ற அளவில் நம்பலாம்.

கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. சேஃப்காஸ்ட் பயன்படுத்தும் தட்டை வடிவ எல்என்டி 7317 குழாய் ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கு நிமிடத்தில் 334 எண்ணுகிறது. அதாவது என்னுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதே துல்லியத்துக்குப் பாதிக்கும் குறைந்த நேரம். அதன் மைக்கா சன்னல் ஆல்ஃபாத் துகளையும் உள்ளே விடும். இன்னொரு வழி, சீசியம் அயோடைடு படிகம் கொண்ட சிறு நிறமாலை மானி. அது ஒவ்வொரு கதிரின் ஆற்றலையும் அளப்பதால், மழை இரவில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கண்டதை, பிஸ்மத்-214-க்கு உரிய கோட்டைக் காட்டி விரைவிலேயே சொல்லிவிடும். நிலையத்தின் அருகே வசித்து, ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், இன்று நான் நிறமாலை மானியைத்தான் வாங்குவேன். டிரிட்டியமும் ஸ்ட்ரான்சியமும் அதற்கும் தெரியாது.

ஒற்றைக் குழாய் மானிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஓராண்டுப் பதிவு எடுக்கப் பொறுமை உள்ளவர், மழையையும் காற்றையும் கூடவே குறிக்க ஒப்புபவர் வாங்கலாம். ஒரு நாள் அளந்து ஒரு படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப நினைப்பவர் வாங்க வேண்டாம். அந்தப் படம் வீண் பீதியையோ வீண் நிம்மதியையோதான் பரப்பும். வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை இனி நகர்த்தாத ஓர் இடத்தில் வைப்பது. இரண்டாவது, நிலையத்தைச் சுற்றி எடுக்கப்படும் பால், நீர், வண்டல் மாதிரிகளின் ஆண்டறிக்கையை உரியவர்களிடம் கேட்டுப் பெறுவது. நான் கேட்டுப் பெற்றேன். எங்கள் பக்கத்துப் பண்ணையின் பால் மாதிரிக்கு நேரே அயோடின்-131 கட்டத்தில் ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று இருந்தது. கண்டறியும் அளவு எவ்வளவு என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.